எலிக்கு வரும் லி, புளிக்கு வரும் ளி

மகள் திருமணமாகிச் செராஸுக்குப் போன பிறகு எங்கள் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது. அதில் இஸ்திரி மேசையும் பழைய பத்திரிகைக் கட்டுகளும் குடியிருந்தன. அவற்றை வெளியேற்றிவிட்டு அறையை வாடகைக்கு விட்டேன். வந்தவள் கோயம்புத்தூர்ப் பெண். முப்பதைத் தாண்டியவள். ஸ்ரீ கெம்பாங்கான் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளர். என்ன ஆராய்ச்சி என்று கேட்டேன்.

"டேப் ஒட்டி உரிக்கிறதுங்க மேடம்," என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். இல்லை, உண்மையிலேயே அதுதான் வேலை. மாலிப்டினம் டைசல்ஃபைடு என்று ஒரு கருப்புப் படிகம் இருக்கிறது. பென்சில் முனைபோல மங்கலாகப் பளபளக்கும். ஏடு ஏடாகப் பிரியும். அதன்மேல் ஒட்டுநாடாவை ஒட்டி உரித்தால் ஓர் ஏடு வரும். அந்த ஏட்டை இன்னொரு நாடாவில் ஒட்டி உரித்தால் அதிலும் மெல்லிய ஏடு வரும். இப்படி உரித்துக்கொண்டே போனால் கடைசியில் சில அணுக்கள் மட்டுமே தடிமனுள்ள ஒரு துணுக்கு மிஞ்சும். நுண்ணோக்கியில் அதன் நிறத்தைப் பார்த்துத்தான் எவ்வளவு மெல்லியது என்று சொல்ல முடியும். அந்தத் துணுக்கை வளையும் பிளாஸ்டிக் தாளில் பதித்து இரு பக்கமும் தங்கத்தால் மின்முனை வைத்தால், வெளிச்சம் படும்போது அதில் மின்னோட்டம் கூடும், வெளிச்சம் குறைந்தால் குறையும். அதுதான் ஒளி உணரி. தாளை வளைத்தாலும் அது வேலை செய்யும் என்பதே அவளுடைய பெருமை.

எதற்கு என்று கேட்டேன். பத்திரிகைக்காரர்களின் முதல் கேள்வி அதுதான், பெரும்பாலும் கடைசிக் கேள்வியும் அதுவே. மணிக்கட்டில் பிளாஸ்திரிபோல ஒட்டிக்கொண்டால், தோலுக்குள் போய்த் திரும்பும் வெளிச்சத்தின் ஏற்ற இறக்கத்தை வைத்து நாடித்துடிப்பைச் சொல்லும் என்றாள். கைக்கடிகாரங்கள் இப்போதே அதைச் செய்கின்றனவே என்றேன். அவை கெட்டியானவை, வயதானவர்களின் சுருங்கிய தோலில் சரியாக உட்காராது, இது தோலோடு தோலாகப் படியும் என்றாள்.

இவற்றை இரு பரிமாணப் பொருள்கள் என்கிறார்கள். நீளம் உண்டு, அகலம் உண்டு, தடிமன் கிட்டத்தட்ட இல்லை. நான் பல ஆண்டுகள் ஒரு தமிழ் நாளேட்டில் துணையாசிரியராக இருந்தவள். அந்த வகைப் பொருள்கள் எனக்குப் புதிதல்ல. முதல் பக்கத்துக்கே நிறைய அனுப்பியிருக்கிறேன்.

அந்த ஆண்டோடு அவளுடைய ஒப்பந்தம் முடிவதாக இருந்தது. உள்ளூர் நிறுவனம் ஒன்று கூட்டாளியாகச் சேர்ந்தால் ஒப்பந்தம் நீளும் என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. யாரும் சேராவிட்டால் ஒப்பந்தத்தோடு விசாவும் போகும். அவள் கோயம்புத்தூருக்குத் திரும்ப வேண்டும். தாளை வளைத்து நிமிர்த்தி, வளைத்து நிமிர்த்தி, எப்போது துணுக்கு விரிசல் விடுகிறது என்று பார்க்கும் சோதனையை அவள் அப்போதுதான் தொடங்கியிருந்தாள். அது பாதியில் நிற்கும். உரித்து வைத்தவை ஆய்வுக்கூட அலமாரியில் கிடக்கும்.

அவள் ஏறாத அலுவலகம் இல்லை. ஒரு கையுறைத் தொழிற்சாலையில், இதைக் கையுறையில் ஒட்ட முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்றதும், எதற்கு என்று கேட்டார்கள். சூரியத் தகடு விற்கும் ஒரு கம்பெனியில், இதை வைத்து எத்தனை விளக்கு எரிக்கலாம் என்றார்கள். ஒன்றுகூட எரியாது, இது வெளிச்சத்தைப் பார்க்க மட்டும்தான் செய்யும் என்றாள். பார்க்கத்தான் எங்களுக்கே கண் இருக்கிறதே என்று சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்பினார்கள்.

இந்த நிலையில்தான் பல்கலைக்கழகத்தின் விளம்பரப் பிரிவு, ஆராய்ச்சியாளர் தமிழர் என்பதால், ஒரு தமிழ் நாளேட்டின் நிருபரை அழைத்தது. நான் வேலை பார்த்த நாளேடு அல்ல அது. கோயில் திருவிழா, சாலை விபத்து, கட்சி ஆண்டுக்கூட்டம், அறிவியல் நான்கையும் அவர் ஒருவரே பார்த்துக்கொள்கிறார். அவளிடம் நீண்ட நேரம் பேசினார், நன்றாகவே கேள்வி கேட்டார் என்று அவள் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பில் அரைப் பக்கம் வந்தது. வண்ணப் படம். அதன்மேல் பெரிய எழுத்தில், "காகிதம்போல் வளையும் ஒலி உணரி: தமிழ்ப் பெண் விஞ்ஞானி சாதனை."

ஒரு தலைப்பில் ஓர் எழுத்து மாறுவது பத்திரிகையில் நடக்கக்கூடியதுதான். உள்ளே படித்தேன். "ஒலி பட்டதும் மின்சாரம் பாய்கிறது." "மங்கலான ஒலியிலும் செயல்படும்." "சூரிய ஒலி, விளக்கு ஒலி இரண்டையும் பிரித்தறியும்." ஓரிடத்திலாவது தவறிப்போய்ச் சரியாக வந்திருக்கிறதா என்று தேடினேன். வரவில்லை. இவ்வளவு கட்டுப்பாடான பிழையை நான் என் தொழிலில் பார்த்ததில்லை.

நிருபரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர் வருத்தப்படவில்லை, ஆனால் மரியாதையாகப் பேசினார்.

"ஆன்டி, நான் டைப் பண்றதே இல்ல. போன்ல பேசுவேன், அது எழுதிக்கும். நான் கரெக்டா ஒளின்னுதான் சொன்னேன். அது ஒலின்னு கேட்டுக்கிச்சு."

இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னார். போன்மேல் குற்றமில்லை.

இந்த நாட்டுத் தமிழில் லகரமும் ளகரமும் ழகரமும் நெடுங்காலமாக ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகின்றன. யார் யாருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போகிறார் என்று யாரும் பார்ப்பதில்லை. அச்சில் மட்டும்தான் அவற்றுக்குத் தனித்தனி முகவரி. அந்த முகவரியைச் சரிபார்க்க முன்பு பிழைதிருத்துநர் என்று ஒருவர் இருந்தார். இப்போது போன் இருக்கிறது.

அந்தப் பத்திரிகையின் செய்திப் பிரிவில் திருத்தம் கேட்டேன். வாசகர் யாரும் புகார் செய்யவில்லை என்றார்கள். நான் வாசகர்தான், இது புகார்தான் என்றேன். கல்யாண வாழ்த்தில் மாப்பிள்ளை பெயர் மாறினால் திருத்தம் போடுவோம், அறிவியலுக்குப் போடும் வழக்கம் இல்லை என்று பதில் வந்தது.

அதற்குள் செய்தி எங்கள் அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழுவில் ஏறிவிட்டது. மறுநாள் மின்தூக்கியில் கீழ்மாடி அக்கா என்னைக் கண்டதும், போனில் பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் நிறுத்தினார்.

"ஒங்க வீட்டுப் பொண்ணு செய்யுற தாள சுவத்துல ஒட்டுனா அந்தப் பக்கம் பேசுறது கேக்குமாமே?"

அது வெளிச்சத்தைத்தான் உணரும் என்று விளக்கினேன்.

"அப்படித்தான் சொல்லுவாங்க லா," என்றபடி இறங்கிப் போனார்.

சில நாள் எங்கள் மாடியில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். அந்தக் கட்டடத்தில் அப்படி ஓர் அமைதியை நான் அனுபவித்ததே இல்லை. பிறகு பயம் தெளிந்து ஆசை வந்தது. அதே கீழ்மாடி அக்கா கதவைத் தட்டி, ஒரே ஒரு தாள் கிடைக்குமா என்று கேட்டார். அவருக்கு மேல் வீட்டுக்காரர் நாற்காலியை இழுப்பதை நிரூபிக்க வேண்டுமாம். முனையில் உணவகம் வைத்திருக்கும் பாய், என் வீட்டுப் பெண்ணுக்கு ரொட்டி கட்டிக் கொடுக்கும்போது என்னிடம் சொன்னார்: "அந்தத் தாள நம்ம கடைப் பக்கம் கொண்டு வந்துட வேணாம்னு சொல்லுங்கக்கா. இங்க உக்காந்து பேசுறவன் பேச்சையெல்லாம் கேட்டா அது தானா கிழிஞ்சிடும்."

இதையெல்லாம் கேட்டு அவள் சிரித்தாள். கிள்ளானிலிருந்து ஒரு டத்தோவின் அழைப்பு வந்த பிறகு சிரிப்பது நின்றது.

டத்தோ என்பது சுல்தான் தரும் பட்டம்; ஆள் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். கோயில் திருவிழா, திருமணம், கட்சிக் கூட்டம், எதுவானாலும் கிள்ளான் வட்டாரத்தில் அவருடைய பெட்டிதான் முழங்கும். கேரி தீவுத் தோட்டத்துக் கோயில்களுக்கும் அவருடைய லோரிதான் போகும். அவருக்கு ஒரு தொல்லை இருந்தது. திருவிழா முடிந்ததும் அக்கம்பக்கத்தார் சத்தம் தாங்க முடியவில்லை என்று புகார் கொடுக்கிறார்கள். அவர்கள் வீட்டுச் சுவரில் இந்தத் தாளை ஒட்டிவிட்டால், அங்கே சத்தம் போய்ச் சேரவே இல்லை என்று அளந்து காட்டலாம் என்பது அவருடைய திட்டம். சத்தம் போய்ச் சேர்ந்திருந்தால் என்ன செய்வது என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

அவர் அவளை அழைக்கவில்லை. பல்கலைக்கழகத்தை அழைத்து, உங்கள் சென்சார் திட்டத்தில் கூட்டாளியாகச் சேர்கிறேன் என்று மலாயில் சொன்னார். தொழில்துறை உறவுகளுக்கென்று அங்கே இருக்கும் அலுவலகம் மகிழ்ச்சியில் எந்தச் சென்சார் என்று கேட்க மறந்துவிட்டது.

அவள் தன் பேராசிரியரிடம் போய், டத்தோ தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று சொன்னாள். பேராசிரியர் சீனர், நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாதவர். ஆகவே அவர் பெயரடையை எடுத்துவிட்டார். ஒளி என்றும் சொல்ல வேண்டாம், ஒலி என்றும் சொல்ல வேண்டாம், 'சென்சார்' என்று மட்டும் சொல்வோம் என்றார். அதில் பொய் ஏதும் இல்லை. ஒப்பந்தத்தில் முழுச் சொல்லும் ஆங்கிலத்தில், ஒரே மூச்சில் படிக்க முடியாத நீளத்தில் இருந்தது. டத்தோவின் கணக்காளர் அதைப் படித்துவிட்டு, எழுத்துப்பிழை ஏதுமில்லை என்று உறுதி சொன்னார்.

கையெழுத்துக்கு முந்திய நாள் மாலை அவள் என் சமையலறையில் நின்றபடியே தேநீர் குடித்தாள்.

"நான் பொய் சொல்லலீங்க மேடம். ஆனா உண்மை என்னன்னு கேக்குறதுக்கும் ஆள் இல்லைங்க."

சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"ஊருக்கு டிக்கெட் போடணும்."

சொல்லாவிட்டால்?

"ரெண்டு வருசம் வளைக்கலாம். அப்புறம் ஒரு நாள் அவரு இதைச் சுவத்துல ஒட்டிட்டு, கேக்கலியேன்னு வந்து நிப்பாரு."

நான் அவளுக்கு இன்னொரு கோப்பை ஊற்றினேன். வாடகை வாங்குகிறவர் 'இரு' என்றாலும் 'போ' என்றாலும் அதற்கு மதிப்பு கிடையாது.

விழா கிள்ளானில், டத்தோவின் கடையிலேயே ஒரு காலை நேரத்தில் நடந்தது. மேடையில் தமிழில் பேசுவதைப் பேராசிரியருக்கு ஆங்கிலத்தில் சொல்ல ஆள் தேவை என்று என்னையும் அழைத்துப் போயிருந்தார்கள். பழைய கடைவீட்டு வரிசை. உள்ளே சுவர் தெரியாத அளவுக்கு ஒலிபெருக்கிப் பெட்டிகள். ஒருவரோடொருவர் சாதாரணமாகப் பேசினாலே கேட்கக்கூடிய அறை. ஆனாலும் அதில் நான்கு ஒலிபெருக்கிகளை இயக்கியிருந்தார்கள். வாசலில் பேனர். அதில் டத்தோ பெரிதாகவும், அவள் சிறிதாகவும், 'ஒலி உணரி' மிகப் பெரிதாகவும் இருந்தார்கள். பேராசிரியருக்கு மாலை போட்டார்கள். டத்தோ பேசினார், கோயில் தலைவர் ஒருவர் பேசினார். இருவரும் தமிழனின் காது பற்றிப் பேசினார்கள். நான் அதை ஆங்கிலத்தில் கொஞ்சம் குறைத்துச் சொன்னேன். நிருபர் ஓரமாக நின்று வாயருகே போனை வைத்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு செய்முறை. அவள் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டின்மேல் தாளைச் சுற்றி ஒட்டியிருந்தாள். மேலே ஒரு மேசை விளக்கு. பக்கத்தில் மடிக்கணினி, அதன் திரையில் ஒரு பச்சைக் கோடு. வளைந்த நிலையிலும் கோடு சீராகப் போவதைக் காட்டுவது மட்டுமே அவளுடைய எண்ணம். விளக்கு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பேனரில் இல்லாத ஒன்றை அவர்கள் பார்க்க வரவில்லை.

டத்தோ முன்வந்து, தொழில் பழக்கத்தில், தாளுக்கு மிக அருகில் குனிந்தார்.

"செக், செக். வணக்கம் கிள்ளான்."

கோடு சரிந்தது. அவர் நிமிர்ந்தார், கோடு ஏறியது. அறை கைதட்டியது. கோயில் தலைவர் குனிந்து அரோகரா என்றார். அதற்கும் சரிந்தது. வரிசையில் நின்று ஆளாளுக்குக் குனிந்து தங்களுக்குத் தோன்றியதைச் சொன்னார்கள். ஒருவர் தன் மனைவியின் பெயரைச் சொன்னார். எல்லோரையும் அது சமமாகக் கேட்டது. பேராசிரியர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் ஆய்வுக்கூடத்தில் பல மாதம் முயன்றாலும் ஒரு தவறான முடிவுக்கு இவ்வளவு தெளிவான ஆதாரம் கிடைத்திருக்காது.

டத்தோ பேனாவைத் திறந்தார். கையெழுத்துக்கு முன் விஞ்ஞானி ரெண்டு வார்த்தை பேசட்டும் என்றார். அவள் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். அவள் இன்னொரு கையால் மேசை விளக்கைச் சற்று நேராக்கினாள். அது கிறீச்சிட்டதையும் நான்கு ஒலிபெருக்கிகளும் இரைச்சலோடு ஒலிபரப்பின.

"டத்தோ, இது உங்க குரலைக் கேக்கலீங்க. நீங்க குனியறப்போ உங்க தலை விளக்கு வெளிச்சத்தை மறைச்சுதுங்க. அதனாலதான் கோடு எறங்குச்சு. இப்போ பேசாம குனிஞ்சு பாருங்க."

டத்தோ அவளைப் பார்த்தார். பிறகு குனிந்தார். வாயை இறுக மூடிக்கொண்டு குனிந்தார். கோடு சரிந்தது. இன்னொரு முறை நிமிர்ந்து, இன்னொரு முறை குனிந்தார். அதே சரிவு. அவர் நேராக நின்று பேனாவை மூடினார்.

"அப்ப இது எந்த லி? எலிக்கு வர்ற லியா, புளிக்கு வர்ற ளியா?"

"புளிங்க," என்றாள். அந்தச் சொல் அறையைச் சுற்றி வந்து வாசல் வழியாகத் தெருவுக்குப் போனது.

அவர் கோபப்படுவார் என்று எல்லோரும் காத்திருந்தோம். அவர் கோபப்படவில்லை. எல்லையைத் தாண்டிப் பக்கத்து வீட்டு வாசலில் கால் வைத்துவிட்டவரைப்போல ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"புளி என் தம்பி கடை," என்றார்.

கோயில் தலைவர் என் காதருகே வந்து விவரம் சொன்னார். அவர்களுடைய அப்பா காலத்தில் கடை ஒன்றுதான். 'ஒலி ஒளி அமைப்பாளர்' என்று பலகை மாட்டியிருந்தார். அவர் போன பிறகு அண்ணனும் தம்பியும் சொத்தைப் பிரித்துக்கொண்டபோது பலகையில் இருந்தபடியே பிரித்துக்கொண்டார்கள். அண்ணனுக்கு ஒலி, தம்பிக்கு ஒளி. பலகையையும் அறுத்தார்கள். 'அமைப்பாளர்' தம்பி பக்கம் போய்விட்டதால், இங்கே வாசலில் 'ஒலி' மட்டும் தொங்குகிறது. இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே மணமேடைக்கு இரண்டு லோரி வரும். மாப்பிள்ளை நுழையும்போது விளக்கை மங்கலாக்க வேண்டும் என்றால் அண்ணன் ஆள் மணப்பெண்ணின் மாமாவிடம் சொல்லி, அவர் தம்பி ஆளிடம் சொல்லி, அதற்குள் தாலியே கட்டி முடித்துவிடுவார்கள்.

"அவன் லைன்ல நான் கால் வெக்க மாட்டேன்," என்றார் டத்தோ, அவளிடம் விளக்கம் சொல்கிறவராக. "அவனும் என் லைன்ல வெக்க மாட்டான். ஒங்க மேல தப்பில்ல. எழுத்து மாறிப் போச்சு."

பத்திரிகை ஒன்றும் பல்கலைக்கழகம் ஒன்றும் வேறுபாடு தேவையில்லை என்று முடிவு செய்துவிட்ட ஓர் எழுத்தை, கிள்ளானில் அந்த ஒரு குடும்பம் மட்டும் இத்தனை காலம் மதித்து நடந்து வந்திருக்கிறது.

பேராசிரியர் என்னிடம் என்ன ஆயிற்று என்று கேட்டார். டத்தோவுக்கு இப்போது எந்தச் சென்சார் என்று தெரிந்துவிட்டது என்றேன். அவர் ஒப்பந்தத் தாள்களை மெதுவாகப் பையில் வைத்தார். அவருக்கும் ஒரு வகையில் நிம்மதியாக இருந்தது என்று நினைக்கிறேன். விருந்தினர்கள் வாழையிலைச் சாப்பாட்டுக்கு மேசையைப் பார்த்து நகர்ந்தார்கள். அவள் குழாயிலிருந்து தாளை உரித்து எடுத்தாள். வேகமாக உரித்தால் கிழிந்துவிடும் என்பதால் அந்த நேரத்திலும் மெதுவாகத்தான் உரித்தாள். அதைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு டத்தோவிடம் போனாள்.

"உங்க தம்பி கடை எதுங்க?"

டத்தோ மின்விசிறியைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது," என்றார். "நாலு கடை தள்ளி."

சாப்பாட்டை விட்டுவிட்டு நாங்கள் மூவரும் கடைகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதை வழியாக நடந்தோம். பேராசிரியர் மாலையைக் கழற்ற மறந்துவிட்டார். நான்காம் கடையில் மேலிருந்து கீழ்வரை சரம் சரமாக விளக்குகள், பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தன. 'ஒளி அமைப்பாளர்' என்ற அரைப் பலகையின் கீழே, டத்தோவைப் போலவே முகவெட்டுள்ள, ஆனால் பட்டம் இல்லாத ஒருவர் நின்றுகொண்டிருந்தார். எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நான்கு ஒலிபெருக்கியில் போனதை அவர் ஒரு சொல் விடாமல் கேட்டிருந்தார்.

"அவரு வேணாம்னுட்டாரா?" என்று அவளைக் கேட்டார்.

"ஆமாங்க."

"வாயாலயே சொன்னாரா, இல்ல ஆள் விட்டுச் சொன்னாரா?"

"வாயாலதாங்க."

"உக்காருங்க."

அவள் பெட்டியைத் திறந்து, தாளைக் காட்டி, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னாள். இந்த முறை நாடித்துடிப்பையும் வயதானவர்களின் தோலையும் வளைக்கும் சோதனையையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கடையில் அத்தனை விளக்கு எரிந்ததால் திரையில் பச்சைக் கோடு உச்சியில் போய் ஒட்டிக்கொண்டது, அசையவே இல்லை. அவர் எழுந்து ஒவ்வொரு சரமாக அணைத்தார். கோடு ஒவ்வொரு படியாக இறங்கியது. கடைசிச் சரத்தை அணைத்ததும் கடை இருட்டானது. அவர் கோட்டைப் பார்த்தபடி, தன் விளக்குகளை இப்படி ஒருவர் எண்ணித் தான் பார்த்ததில்லை என்று சொன்னார். அது பாராட்டா என்று தெரியவில்லை.

"இதால என் தொழிலுக்கு என்ன பிரயோஜனம்?"

இந்தக் கேள்வியில்தான் எல்லா அலுவலகங்களும் அவளைக் கைவிட்டிருந்தன. அவள் பேராசிரியரைப் பார்க்கவில்லை.

"இப்போதைக்கு ஒண்ணும் இல்லீங்க."

"சரி. அவருக்கு?"

"அவருக்கும் ஒண்ணும் இல்லீங்க."

"அது போதும்," என்றார்.

பேராசிரியர் பையிலிருந்து தாள்களை எடுத்து, முறையான ஒப்பந்தம் பெயர் மாற்றி வரும்வரை ஒரு சம்மதக் கடிதம் போதும் என்று மலாயில் விளக்கினார். தம்பி அதைப் படிக்கவில்லை. அண்ணன் கடையில் எத்தனை விருந்தினர் வந்திருந்தார்கள், கோயில் தலைவர் சாப்பிட்டாரா, கைதட்டல் எத்தனை முறை கேட்டது என்று விசாரித்தபடியே கையெழுத்துப் போட்டார். அடுத்த முறை விழாவைத் தன் கடையில் வைக்க வேண்டும், விளக்கு தன் பொறுப்பு என்றார். ஒலிபெருக்கிக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

காருக்குத் திரும்பும் வழியில் டத்தோ தன் கடை வாசலில், பாதி இறக்கிய பேனருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். எங்களுக்காக நிற்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவள் அருகே வந்ததும் தெருவைப் பார்த்தபடி கேட்டார்.

"போட்டானா?"

"போட்டாருங்க."

"எத்தன வருஷத்துக்கு?"

"ரெண்டு வருசங்க."

"அப்ப ரெண்டு வருஷத்துக்கு மாட்டுனான்," என்று சொல்லிவிட்டு, காலையிலிருந்து அவர் முகத்தில் பார்க்காத திருப்தியோடு உள்ளே போனார்.

பேராசிரியர் என்னிடம், டத்தோ என்ன சொன்னார் என்று கேட்டார். திட்டம் வெற்றி பெற வாழ்த்துகிறார் என்றேன். மிக நாகரிகமான மனிதர் என்றார் பேராசிரியர்.

கார் கிள்ளானைத் தாண்டுவதற்குள் அவள் கோயம்புத்தூருக்குப் போன் போட்டாள். டிக்கெட் வேண்டாம், இங்கேயே இருக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னாள். எப்படி என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும்.

"அதொரு அண்ணன் தம்பிச் சண்டைம்மா," என்றாள். சற்றுக் கேட்டுவிட்டு, "இல்லம்மா, நம்ம சொந்தத்துல இல்ல. நமக்குத் தெரியாதவங்க," என்றாள்.